மூச்சு நிற்கும் உறக்கம்: கருவி வந்தது, பழக்கம் வந்ததா?

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது பழமொழி. அதன் பொருளை நேரில் உணர விரும்புவோர், ஆனி ஆடி மாதங்களில் தென்காசி மாவட்டத்து ஆலங்குளத்திற்கு ஒருமுறை சென்று வரலாம். செங்கோட்டைக் கணவாய் வழியே மலையைக் கடந்து வரும் காற்று, குற்றாலத்தில் சாரலைத் தூவிவிட்டு, ஈரம் குறைந்த நிலையில் கிழக்கே வெட்டவெளிகளில் வேகமாக வீசுகிறது. அங்கே வரிசை வரிசையாக நிற்கும் காற்றாலைகள் அக்காற்றை மின்சாரமாக மாற்றுகின்றன.

இவ்வளவு காற்று வீசும் ஊரிலும், இரவில் வீட்டுக்குள் படுத்துறங்கும் ஒருவருக்கு மூச்சுக் காற்று கிடைக்காமல் போகக்கூடும். அவர் திருநெல்வேலி-தென்காசிச் சாலையில் லாரி ஓட்டுபவர் என்று வைத்துக் கொள்வோம். படுத்த சில நிமிடங்களில் குறட்டை கிளம்புகிறது. குறட்டை ஓங்கி, ஓங்கி, திடீரென நின்றுவிடுகிறது. பத்து வினாடி, இருபது வினாடி, சில வேளைகளில் அதற்கும் மேல் ஓசையே இல்லை. பின்னர் உடல் ஒருமுறை உலுக்கிக்கொள்ள, பெரும் உறுமலோடு மூச்சு திரும்புகிறது. ஓர் இரவில் இது நூறு முறைக்கு மேலும் நிகழலாம். மறுநாள் காலையில் அவருக்கு எதுவும் நினைவில் இராது. தலைவலி இருக்கும், பகலெல்லாம் கண் சொக்கும். அந்தக் கண்ணோடுதான் அவர் வண்டியை எடுக்கிறார்.

இந்நோய்க்கு உறக்க மூச்சுத்தடை என்று பெயர். இதற்கு ஒரு நல்ல மருந்து உண்டு. அது மாத்திரையன்று, காற்று. ஆடிக் காற்றைப் போன்ற முரட்டுக் காற்றுமன்று, மிக மென்மையான காற்று. அக்காற்றை மனிதன் கண்டுபிடித்த வரலாறு சுவையானது. அதை நோயாளர் நாள்தோறும் பயன்படுத்தும்படி செய்வது எப்படி என்று மருத்துவர்கள் கற்றுக்கொண்ட வரலாறோ அதைவிடச் சுவையானது, இன்னும் முடியாதது.

சீட்டாட்டத்தில் உறங்கியவர்

சார்லஸ் டிக்கன்ஸ் 1836-37-ஆம் ஆண்டுகளில் எழுதிய 'பிக்விக் பேப்பர்ஸ்' என்ற நாவலில் ஜோ என்றொரு பருத்த சிறுவன் வருகிறான். கதவைத் தட்டிக்கொண்டே நின்றபடி உறங்கிவிடுபவன் அவன். நம் ஊரிலும் இப்படிப்பட்டவருக்குக் 'கும்பகர்ணன்' என்று பட்டம் சூட்டிச் சிரிப்பது வழக்கம். நோயாகக் கருத வேண்டியதை நகைச்சுவையாகக் கருதியது உலகெங்கும் ஒன்று போலவே நடந்திருக்கிறது.

1956-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பர்வெல் என்ற மருத்துவரும் அவருடைய துணைவர்களும் ஒரு நோயாளரைப் பற்றி எழுதினர். அவர் 51 வயதுடைய வணிக நிறுவன அதிகாரி. உடல் மிகப் பருத்தவர். சீட்டாடிக் கொண்டிருந்தபோது அவர் கைக்கு மூன்று ஆசும் இரண்டு ராசாவும் வந்து சேர்ந்தன. வெற்றி உறுதி. ஆனால் அதைப் பயன்படுத்திக் கொள்ளாமலேயே அவர் உறங்கிப் போனார்! தமக்கு ஏதோ நோய் என்று அப்போதுதான் அவர் உணர்ந்து மருத்துவமனைக்கு வந்தார். மருத்துவர்கள் இந்நோய்க்கு டிக்கன்சின் நாவலை ஒட்டிப் 'பிக்விக் நோய்' என்று பெயரிட்டனர். உடற்பருமனால் நுரையீரல் போதிய அளவு விரிவதில்லை, இரத்தத்தில் கரியமில வாயு தேங்குகிறது, அதனால் மயக்கம் வருகிறது என்பது அவர்கள் கொண்ட விளக்கம்.

விளக்கத்தில் ஒரு குறை இருந்தது. நோயாளர் விழித்திருக்கும்போதே அவரைச் சோதித்தனர். நோயோ உறங்கும்போது வருவது. 1965-ஆம் ஆண்டில் பிரான்சின் மார்செய் நகரில் காஸ்தோ என்பவரும் அவர்தம் குழுவினரும், ஜெர்மனியில் யுங், கூலோ ஆகிய இருவரும், இத்தகைய நோயாளரை இரவில் உறங்க வைத்து, மூளையின் மின்னலைகளையும் மூச்சையும் ஒருசேரப் பதிவு செய்தனர். உறங்கியவுடன் மூச்சு நிற்பதும், மூளை ஒரு கணம் விழித்து மூச்சை மீட்பதும், மீண்டும் உறங்குவதும், மீண்டும் நிற்பதும் காகிதச் சுருளில் தெளிவாகப் பதிந்தன. பகல் தூக்கத்தின் காரணம் வெளிப்பட்டது: நோயாளர் இரவில் உண்மையில் உறங்கவே இல்லை. நம் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி தொடங்கப்பெற்றதும் இதே 1965-ஆம் ஆண்டில்தான். அந்த அளவுக்கு இளைய அறிவு இது.

தொண்டையில் என்ன நடக்கிறது?

இதைப் புரிந்துகொள்ள ஒரு காகித உறிஞ்சுகுழல் போதும். இளநீர் குடிக்கும்போது காகிதக் குழல் ஊறி நைந்துவிட்டால், நாம் வலிந்து உறிஞ்சும்போது அதன் சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. எவ்வளவு பலமாக உறிஞ்சுகிறோமோ அவ்வளவு இறுக ஒட்டும். நம் தொண்டையின் மேற்பகுதியும் எலும்பு வளையங்கள் இல்லாத மென்குழலே. விழித்திருக்கும்போது தசைகள் அதை விரித்துப் பிடித்திருக்கின்றன. உறக்கத்தில் தசைகள் தளர்கின்றன. கழுத்தில் கொழுப்பு மிகுந்தவர்களுக்கும், தாடை உள்வாங்கி அமைந்தவர்களுக்கும், உள்நாக்கு அல்லது அடிநாச் சதை பருத்தவர்களுக்கும் வழி முன்னரே குறுகலாக இருக்கும். அவர்கள் மூச்சை இழுக்கும்போது, நைந்த குழல் போலத் தொண்டை ஒட்டிக்கொள்கிறது. இரத்தத்தில் உயிர்வளி குறைகிறது, நெஞ்சு துடிக்கிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது. பருத்தவர்களுக்கே வரும் நோய் என்று எண்ணிவிடக் கூடாது; ஒல்லியானவர்களுக்கும் வருவதுண்டு.

1976-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் கில்லெமினோ, டெமன்ட் முதலியோர் இந்நோயை வரையறுத்து, இன்று வழங்கும் பெயரால் அழைத்தனர். பெயர் கிடைத்தது, மருத்துவம்? கடுமையாக நோயுற்றவர்களுக்கு அப்போது ஒரே வழிதான் இருந்தது. கழுத்தில் மூச்சுக்குழலைத் துளைத்து, அடைபடும் தொண்டையைத் தவிர்த்துக் காற்றை நேரே உள்ளே விடுவது. 1969-ஆம் ஆண்டிலேயே ஜெர்மனியில் கூலோ குழுவினர் இம்முறையால் நோயைப் போக்கிக் காட்டியிருந்தனர். நோய் போயிற்று, ஆனால் வாழ்நாள் முழுவதும் கழுத்தில் ஒரு துளையோடு வாழ யாருக்கு மனம் வரும்?

சிட்னியில் ஓர் இரவு

ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் கோலின் சல்லிவன் என்ற மருத்துவருக்கு வேறொரு எண்ணம் தோன்றியது. தொண்டை ஒட்டிக்கொள்வதுதான் நோய் என்றால், உள்ளிருந்து சற்றே காற்றழுத்தம் கொடுத்து அதை விரித்து வைத்தால் என்ன? அழுத்தக் காற்றை மருத்துவத்தில் பயன்படுத்துவது முற்றிலும் புதிதன்று. 1936-ஆம் ஆண்டில் லண்டனில் போல்டன் என்பவர், இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் கோத்த நோயாளருக்குத் தூசி உறிஞ்சும் கருவியின் விசிறியைக் கொண்டே அழுத்தக் காற்று கொடுத்தார். 1971-ஆம் ஆண்டில் கிரிகரி என்பவரும் துணைவர்களும், குறைமாதத்தில் பிறந்து மூச்சுத் திணறும் சிசுக்களை இம்முறையால் காத்தனர். ஆனால் உறங்கும் பெரியவரின் தொண்டையைக் காற்றால் திறந்து வைக்க அதுவரை யாரும் முனையவில்லை.

1980-ஆம் ஆண்டு ஜூன் மாதம். கட்டடத் தொழிலாளி ஒருவர் கடுமையான நோயோடு சல்லிவனிடம் வந்தார். கழுத்தில் துளையிடுவதற்கு அவர் இசையவில்லை. புதிய சோதனைக்கு இசைந்தார். தூசி உறிஞ்சும் கருவியின் மோட்டாரை எதிர்த்திசையில் ஊதும்படி அமைத்து, குழாய் வழியே மூக்குறைக்குக் காற்று செலுத்தப்பட்டது. அழுத்தத்தை மெல்லக் கூட்டினர். ஓர் அளவை எட்டியதும் குறட்டை நின்றது, மூச்சும் நிற்கவில்லை. அந்த மனிதர் ஆழ்ந்து உறங்கினார். அழுத்தத்தைக் குறைத்ததும் தொண்டை அடைத்தது, கூட்டியதும் திறந்தது. மறுநாள் அவர் பகலில் தூங்கி விழாமல் விழித்திருந்தார். ஐந்து நோயாளரிடம் கண்ட இம்முடிவு 1981-ஆம் ஆண்டு ஏப்ரலில் 'லான்செட்' இதழில் வெளிவந்தது.

தேவைப்பட்ட அழுத்தம் எவ்வளவு தெரியுமா? 4.5 முதல் 10 சென்டிமீட்டர் நீர் உயரம் வரைதான். மாணவர்கள் இதைத் தாமே உணரலாம். உயரமான குவளையில் நீர் ஊற்றி, ஓர் உறிஞ்சுகுழலை 10 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அமிழ்த்தி, குமிழி வரும் வரை ஊதிப் பாருங்கள். அதுவே அவ்வழுத்தம். வளிமண்டல அழுத்தம் ஏறக்குறைய 1033 சென்டிமீட்டர் நீர் உயரம். அதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. இவ்வளவு சிறிய காற்று அவ்வளவு பெரிய நோயைத் தடுக்கிறது. இக்கருவியை இன்று சி-பேப் என்று அழைக்கிறோம்.

கருவி பொய் சொல்லவில்லை

தொடக்கத்தில் கருவி பெரிது, இரைச்சல் மிகுந்தது. மூக்குறையை ஒவ்வோர் இரவும் பசை கொண்டு முகத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. அப்படியும் முதல் நோயாளர்கள் பொறுத்துக்கொண்டனர். அவர்களுக்குக் காத்திருந்த மாற்று வழி கழுத்துத் துளை அல்லவா! 1980-களின் நடுவில் கருவிகள் விற்பனைக்கு வந்தன. மூக்குறைகள் மென்மையாயின, இரைச்சல் குறைந்தது. கடும் நோயாளர் மட்டுமின்றி நடுத்தர நோயாளருக்கும் கருவி எழுதிக் கொடுக்கப்பட்டது. "நாள்தோறும் போட்டுக்கொள்கிறீர்களா?" என்று மருத்துவர் கேட்டால் "ஆமாம்" என்ற விடை வரும். மருத்துவரும் நம்பினார்.

1993-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் கிரிப்சும் துணைவர்களும் 35 நோயாளரின் கருவிகளுக்குள், மூக்குறையில் அழுத்தம் எத்தனை மணி நேரம் இருந்தது என்று அளக்கும் நுண்செயலிகளைப் பொருத்தினர். நாள்தோறும் பயன்படுத்துவதாக நூற்றுக்கு 60 பேர் கூறினர். நூற்றுக்கு 70 நாட்களாவது, நாளுக்கு 4 மணி நேரமாவது பயன்படுத்தியவர்களை ஒழுங்கானவர்கள் என்று கொண்டு கணக்கிட்டபோது, 35 பேரில் 16 பேரே தேறினர். நோயாளர் வேண்டுமென்று பொய் சொன்னார்கள் என்று கொள்ள வேண்டியதில்லை. மாட்டிக்கொண்டு படுத்தது நினைவிருக்கும். நள்ளிரவில் அரைத்தூக்கத்தில் கழற்றி எறிந்தது நினைவிராது.

ஆராய்ச்சிக்காக வகுத்த அந்த '4 மணி நேரம்' என்ற எல்லை, பின்னர் அமெரிக்கக் காப்பீட்டு விதிகளிலேயே இடம்பெற்றுவிட்டது. ஆனால் அது போதுமான அளவு என்பதற்குச் சான்றன்று. உறங்கும் நேரம் முழுவதும் பயன்படுத்துவதே நலம்.

சென்னை முன்னரே கற்ற பாடம்

மருந்து கொடுத்தால் மட்டும் போதாது, நோயாளர் அதை உண்மையில் எடுத்துக்கொள்கிறாரா என்று பார்க்க வேண்டும் என்ற பாடத்தை, வேறொரு நோயில், உலகுக்குக் கற்றுக் கொடுத்த இடங்களுள் நம் சென்னையும் ஒன்று. 1956-ஆம் ஆண்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆராய்ச்சி மையத்தை நிறுவின. வாலஸ் பாக்ஸ் என்பவர் அதை வழிநடத்தினார். 193 நோயாளரில் ஒரு பகுதியினரை மருத்துவமனையிலும் மற்றவர்களை அவரவர் வீட்டிலும் வைத்துச் சிகிச்சை செய்தனர். வறுமையிலும் நெரிசலிலும் வாழ்ந்த வீட்டு நோயாளரும் மருத்துவமனை நோயாளரைப் போலவே குணமடைந்தனர் என்று 1959-இல் அறிவித்தபோது உலகமே வியந்தது.

அவ்வெற்றிக்குப் பின்னால் மருந்து மட்டும் இருக்கவில்லை. ஊழியர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீடு தேடிச் சென்று மாத்திரைகளை எண்ணினர், மருந்து உட்கொண்டாரா என்று சிறுநீரைச் சோதித்தனர், குடும்பத்தாரிடம் பேசினர். நோயாளர் மருந்தை நிறுத்துவது அவர் தீயவர் என்பதாலன்று, மனித இயல்பு அது என்று அங்கே உணர்ந்தனர். உடல் சற்றுத் தேறியதும் மருந்து சுமையாகத் தோன்றுகிறது. சி-பேப் கருவிக்கும் இது அப்படியே பொருந்தும்.

நான்காம் நாள்

கருவியை யார் தொடர்வார், யார் கைவிடுவார் என்பது எப்போது தெரியும்? டெர்ரி வீவரும் துணைவர்களும் 1997-இல் வெளியிட்ட ஆய்வு வியப்பான விடை தந்தது. 32 பேரை ஒன்பது வாரங்கள் கவனித்ததில், தொடர்வோர் ஒரு கூட்டமாகவும் விட்டுவிட்டுப் போடுவோர் மற்றொரு கூட்டமாகவும் பிரிந்தனர். அப்பிரிவு நான்காம் நாளிலேயே தென்பட்டது. கருவியைக் கொடுத்தனுப்பிவிட்டு மூன்று மாதம் கழித்து வரச்சொல்வது எவ்வளவு தவறு என்பது இதனால் விளங்கும். முதல் வாரத்தில் உதவாத உதவி பின்னர் உதவுவது அரிது.

ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் ஹாயும் துணைவர்களும் 1999-ஆம் ஆண்டில் இதை நேராகவே சோதித்தனர். 80 நோயாளரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்கு வழக்கமான விளக்கம். மற்றொரு பிரிவுக்கு, வீட்டிலேயே வாழ்க்கைத் துணையையும் உடன் வைத்துக்கொண்டு விளக்கம், உறக்க ஆய்வகத்தில் கூடுதல் இரவுகள், பின்னர் செவிலியர் வீடு தேடி வருதல். ஆறு மாதத்தில் முதற்பிரிவினர் சராசரியாக இரவுக்கு 3.8 மணி நேரமும், இரண்டாம் பிரிவினர் 5.4 மணி நேரமும் கருவியைப் பயன்படுத்தினர். அதே ஆய்வில் மற்றோர் உண்மையும் தெரிந்தது. மனைவியின் வற்புறுத்தலால் வந்தவர்களைவிடத் தாமாகவே மருத்துவரை நாடி வந்தவர்கள் அதிகம் பயன்படுத்தினர்.

இங்கேதான் ஊக்குவித்தல் என்ற கலை தேவைப்படுகிறது. வில்லியம் மில்லர் என்ற உளவியலாளர் 1983-ஆம் ஆண்டில் குடிப்பழக்கமுள்ளவர்களுக்காக ஓர் உரையாடல் முறையை விளக்கினார். அறிவுரை கூறுவதைக் குறைத்து, மாற வேண்டியதன் காரணத்தை நோயாளரே தம் வாயால் சொல்லும்படி செய்வது அதன் சாரம். 2012-இல் வெளிவந்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், இம்முறையில் பயிற்சி பெற்ற செவிலியர் பேசிய நோயாளர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் கருவியைப் பயன்படுத்தினர்.

நம் லாரி ஓட்டுநரிடம் இதை எப்படிச் செய்வது? "மாட்டாவிட்டால் மாரடைப்பு வரும்" என்று அச்சுறுத்தினால் அவர் தலையை ஆட்டிவிட்டுப் போவார். செவிலியர் இப்படிக் கேட்கலாம்: "அண்ணாச்சி, வண்டி ஓட்டும்போது என்னைக்காவது கண் சொக்கியிருக்கா?" அவர் சற்றுத் தயங்கி, "போன மாசம் ஒருநாள் பாவூர்சத்திரம் தாண்டினது எப்படின்னே தெரியல, தாயி" என்பார். "வீட்டிலே அதைச் சொன்னீங்களா?" "இல்லை." அந்த 'இல்லை'யில் சிகிச்சை தொடங்குகிறது. காரணம் இப்போது அவருடையது, மருத்துவருடையதன்று.

மிகைப்படுத்தலும் கூடாது

ஊக்குவிப்போர் உண்மையை மிகைப்படுத்தக் கூடாது. சி-பேப் மாரடைப்பைத் தடுக்கும் என்று பலர் நம்பினர். 'சேவ்' என்ற பெரிய ஆய்வு, இந்தியா உள்ளிட்ட ஏழு நாடுகளில் இதயநோயோ மூளை இரத்தக்குழாய் நோயோ முன்பே கண்ட 2717 பேரிடம் நடந்து, 2016-இல் முடிவை வெளியிட்டது. கருவி பெற்றவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் முதலியன குறையவில்லை. ஆனால் குறட்டையும் பகல் தூக்கமும் குறைந்தன, மனநிலை தேறியது. அவர்கள் கருவியைப் பயன்படுத்தியது சராசரியாக இரவுக்கு 3.3 மணி நேரமே. இன்னும் கூடுதலாகப் பயன்படுத்தியிருந்தால் பலன் இருந்திருக்குமா என்ற கேள்வி இன்றும் விவாதத்தில் உள்ளது. ஆகவே, பகலில் விழிப்பு, தெளிவு, பாதுகாப்பான பயணம் ஆகிய உறுதியான பயன்களையே நோயாளருக்கு முதலில் சொல்ல வேண்டும்.

நம் வீடுகளில்

இது மேல்நாட்டார் நோய் என்று ஒதுக்கிவிட இயலாது. மும்பையில் உத்வாடியாவும் துணைவர்களும் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், 35 முதல் 65 வயது வரையுள்ள நகர ஆடவரில் நூற்றுக்கு 7.5 பேருக்குப் பகல் தூக்கத்தோடு கூடிய இந்நோய் இருக்கும் என மதிப்பிட்டனர். பெண்களுக்கும் வரும், மாதவிலக்கு நின்ற பின் கூடுதலாக வரும். அவர்களிடம் குறட்டையைவிடக் களைப்பு, காலைத் தலைவலி, தூக்கமின்மை ஆகியவையே முதலில் தெரிவதுண்டு. ஆலங்குளத்தில் நாள் முழுவதும் மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றும் ஒரு தாய் "அசதியாக இருக்கிறது" என்றால், வேலைக் களைப்பு என்றே எல்லாரும் கொள்வர்.

நம்மிடையே முதல் தடை, குறட்டை நல்ல தூக்கத்தின் அடையாளம் என்ற எண்ணம். அடுத்தது வெட்கம்: முகமூடி அணிந்து படுப்பதைப் பிள்ளைகள் பார்ப்பார்களே! பின்னர் கருவியின் விலை, மின்தடை அச்சம், மூக்கு வறட்சி. இவற்றுள் பலவற்றுக்கு எளிய தீர்வுகள் உண்டு. முதல் சில நாட்கள் பகலில் வானொலி கேட்கும்போதோ தொலைக்காட்சி பார்க்கும்போதோ மூக்குறையை அணிந்து பழகலாம். மூக்கு வறண்டால் காற்றை ஈரப்படுத்தும் அமைப்பைச் சேர்க்கலாம். உறை கசிந்தால் அளவை மாற்ற வேண்டும். வாரை இறுக்கிக்கொண்டே போனால் புண்தான் வரும். நள்ளிரவில் கழற்றிவிட்டால் குற்றமில்லை. விழிப்பு வந்ததும் மீண்டும் அணிய வேண்டும், அவ்வளவே. உடல் எடையைக் குறைப்பதும், ஒருக்களித்துப் படுப்பதும், மதுவை விடுவதும் துணை செய்யும். ஆனால் சோதனையின்றிக் கருவியைத் தாமே வாங்கி மாட்டிக்கொள்வது தவறு. அழுத்தத்தின் அளவை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

நோய் இருக்குமோ என்று ஐயுறுவோர்க்கு ஓர் எளிய வினாத்தாள் உண்டு. மெல்போர்ன் நகரில் மரே ஜான்ஸ் என்பவர் 1991-இல் அமைத்தது. படிக்கும்போது, தொலைக்காட்சி பார்க்கும்போது, வண்டியில் பயணம் செய்யும்போது என எட்டு நிலைகளில் கண் அயரும் வாய்ப்புக்கு 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 24. பத்துக்கு மேல் வந்தால் மருத்துவரைக் காண்பது நல்லது.

2021-ஆம் ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், தன்னார்வலர்கள் இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் வீடு வீடாகச் சென்று மருந்து கொடுத்தனர். அவ்விரு நோயுள்ளோரிடம் உறக்க மூச்சுத்தடை மிகுதி. வாசலில் நின்று "இரவில் குறட்டை நடுவில் மூச்சு நிற்கிறதா?" என்ற ஒரே கேள்வியை வீட்டாரிடம் கேட்க முடிந்தால் எத்தனை பேர் வெளிப்படுவர்! சென்னையில் 1956-இல் மாத்திரை எண்ணச் சென்ற கால்கள் நமக்குக் காட்டிய வழி அதுவே.

அந்தக் கேள்விக்கு விடை கூறத் தக்கவர் நோயாளரல்லர். அருகில் படுத்து விழித்திருப்பவர். இன்றிரவு உங்கள் வீட்டில் குறட்டை திடீரென நின்றால், "அப்பாடா" என்று திரும்பிப் படுத்துவிடாதீர்கள். எத்தனை வினாடி கழித்து அது திரும்புகிறது என்று எண்ணுங்கள். பத்தைத் தாண்டினால், பல முறை தாண்டினால், காலையில் அதை அவரிடம் சொல்லுங்கள், சிரிக்காமல் சொல்லுங்கள்.